மேக்னம் தோட்டாவின் வாயை எவ்வளவு இறுக்குவது?

கொலராடோவில் இருக்கும் என் அக்கா மகன் தன் ரிவால்வர்களுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறான். அங்கே அது சட்டம் அனுமதிக்கிற பொழுதுபோக்கு. வாரக் கடைசியில் கராஜில் ஒரு பிரஸ்ஸை (கைப்பிடியை இழுத்து அழுத்துகிற இயந்திரம்) மாட்டிவைத்து நிரப்புகிறவர்கள் ஏராளம். அவனிடம் இரண்டு ரிவால்வர்கள் உண்டு. ஒன்று .44 மேக்னம் (மேக்னம் என்றால் அதிக அழுத்தத்தில் சுடுகிற வலுவான தோட்டா), கையில் எடுத்தாலே இரும்புக் கனம் தெரியும். இன்னொன்று .357 மேக்னம், அலுமினியக் கலவை உடம்பு, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் போலிருக்கும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவனுக்கு என்னிடம் ஒரு நம்பிக்கை. "மாமா, குண்டை வைத்ததும் கூட்டின் வாயை எவ்வளவு மடக்கணும்? ஒருத்தர் லேசாத் தொட்டா போதும்னு சொல்றார். இன்னொருத்தர் கை வலிக்கிற வரைக்கும் அழுத்துன்னு சொல்றார்" என்று கேட்டான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, அவரவர் துப்பாக்கிக்கு.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, தயாரிப்பு உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தாலும் தோட்டா நிரப்ப அது போதாது. நம் ஊரில் யாரும் இதை முயல வேண்டாம். கடல் கடந்து இருக்கும் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல உதவும், விஷயமும் சுவாரசியமானது. அதற்காக எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழைய எஸ்டேட் பங்களாக்களின் ஸ்டோர் அறைகளில், மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற ஒரு கைப்பிடிக் கருவியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 12 போர் வேட்டைத் துப்பாக்கியின் காகிதத் தோட்டா வாயைச் சுருட்டி மூடுவதற்கு வைத்திருந்தது. பருவமழையில் காகிதக் கூடு ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும், துப்பாக்கிக்குள் போகாது என்று அந்தக் காலத்து வாட்ச்மேன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சுருட்டு ஒரு மூடி. உள்ளே இருக்கிற சன்னங்கள் கொட்டாமல் இருந்தால் அதன் வேலை முடிந்தது. மேக்னம் ரிவால்வர் தோட்டாவின் கிரிம்ப், அதாவது பித்தளைக் கூட்டின் வாயை மடக்கிக் குண்டைப் பிடிக்கவைப்பது, அப்படியில்லை. அதற்கு இரண்டு வேலை, இரண்டுமே கஷ்டமானவை.

முதல் வேலை, உதைப்பைத் தாங்குவது. ஆறு தோட்டா போட்டு ஒன்றைச் சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற ஐந்து தோட்டாக்களின் கூடுகளும் துப்பாக்கியோடு சேர்ந்து பின்னால் வருகின்றன. ஆனால் ஈயக் குண்டு கனமானது, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, கூடு பின்னால் வர, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கழன்று வருகிறது. நிரப்பிய தோட்டாவைத் திரும்பப் பிரிப்பதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி விற்கிறார்களே, தரையில் தட்டினால் குண்டு கழன்று வருமே, அதே தத்துவம். நாலாவது ஐந்தாவது சூட்டுக்குள் குண்டின் மூக்கு சிலிண்டரின் முன் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. ரிவால்வர் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கரடி நடமாடும் காட்டில் தற்காப்புக்கென்று அதை இடுப்பில் வைத்திருப்பவனுக்கு அது நல்ல நேரமில்லை.

இரண்டாவது வேலை, வெடிமருந்து ஒழுங்காகப் பற்றிக்கொள்ளும் வரை குண்டைப் பிடித்துவைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பிறகு பேசுவோம், ஏனென்றால் அது என் பழைய பிழைப்பு.

இந்த இரண்டு வேலைகளையும் கிரிம்ப் தனியாகச் செய்கிறது என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குண்டைப் பிடிப்பது முதலில் கூடு. சைஸிங் டையில் (பிரஸ்ஸில் மாட்டுகிற, கூட்டை அளவுக்கு ஒடுக்கும் அச்சு) கூட்டை இறுக்கி, பிறகு வாயைச் சற்று விரித்து, குண்டை உள்ளே தள்ளும்போது பித்தளை அதைச் சுற்றி நீளவாக்கில் கவ்விக்கொள்கிறது. கூட்டின் உள் விட்டம் குண்டின் விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு குறைவாக, அதாவது 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை குறைவாக, இருந்தால் பிடி நன்றாக இருக்கும். நம் தோட்டங்களில் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காம்பு துளைக்குள் இறுக்கமாக நுழைந்திருந்தால் ஆப்பு அதை அசையாமல் நிறுத்தும். துளை தளர்வாக இருந்தால் எத்தனை ஆப்பு அடித்தாலும் ரெண்டு நாளில் கழன்றுவிடும்.

ஆகவே கிரிம்ப்பைப் பற்றி யோசிக்கும் முன் அந்த இறுக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். மருந்தும், அதைப் பற்றவைக்கிற பிரைமரும் இல்லாமல், கிரிம்ப்பும் இல்லாமல் ஒரு குண்டை மட்டும் கூட்டில் பொருத்தி, மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அமுக்க வேண்டும். உள்ளே போகிறதென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் வாயை விரிக்கிற ராடு கொஞ்சம் தடிமனாக இருக்கும், அல்லது கூட்டின் சுவர் மெல்லியதாக இருக்கும். அங்கே கிரிம்ப்பை இறுக்கிப் பயனில்லை.

சரி, இப்போது அவன் முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம்.

கிரிம்ப்பே செய்யாமல் விடுவது ஒன்று. குண்டு நுழைவதற்காக விரித்த வாயை மட்டும் நேராக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது. இலக்குப் பயிற்சிக்கு மென்மையாக நிரப்பிய .38 ஸ்பெஷலைக் கனமான ரிவால்வரில் சுடுபவர்களுக்கு இது ஒத்துவரும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. இரண்டு மடங்குக்கு மேல் என்றாகும்போது இந்த வழி மேக்னத்துக்குப் பொருந்தாது. இதில் பேச வேறொன்றுமில்லை.

அடுத்தது டேப்பர் கிரிம்ப். வாயை உள்ளே சுருட்டாமல், கூம்பு போல் சரிவாக அழுத்துவது. இது 9 மில்லிமீட்டர் மாதிரியான தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்காக வந்தது. அவற்றில் தோட்டா, குழலின் பின்முனையில் அது உட்காருகிற அறைக்குள் போய் நிற்பதே கூட்டின் வாய் விளிம்பில்தான். அதைச் சுருட்டிவிட்டால் தோட்டா நிற்க இடமில்லாமல் உள்ளே போய்விடும். ரிவால்வர் தோட்டா அடியில் இருக்கும் ரிம்மில் நிற்கிறது, அதனால் வாயைத் தாராளமாகச் சுருட்டலாம். அப்படியிருக்க, மேக்னத்துக்கு டேப்பர் எதற்கு? ஒரே ஓர் இடத்தில் பயன்படும். ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு முலாம் பூசிய மலிவான குண்டுகளில் பெரும்பாலும் பள்ளம் இருக்காது. அவற்றின் மேல் வாயை ஆழமாகச் சுருட்டினால் முலாம் அறுபட்டுவிடும். குழலுக்குள் போகும்போது உரிந்தாலும் உரியும். அந்தக் குண்டுகளை வேகம் குறைத்து நிரப்பி, டேப்பரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முழு வேக மேக்னத்தில் அந்தக் குண்டைப் போட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான வழக்கம். ரோல் கிரிம்ப். .357 மேக்னம் 1935-இல் வந்ததிலிருந்து, .44 மேக்னம் 1955-இல் வந்ததிலிருந்து, கம்பெனித் தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் மூடப்படுகின்றன. குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். வாய் விளிம்பைச் சுருட்டி அந்தப் பள்ளத்துக்குள் புதைப்பார்கள். .44 மேக்னம் பிறப்பதற்கு மூல காரணமாக இருந்த எல்மர் கீத் வடிவமைத்த ஈயக் குண்டுகளைப் பார்த்தால், அந்தப் பள்ளம் ஆழமாக, சரிவான விளிம்போடு இருக்கும். மடங்குகிற பித்தளைக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு. செம்புறை போட்ட குண்டுகளில் பள்ளம் ஆழம் குறைவு, வரிவரியாகக் கீறியது போல் இருக்கும். அதில் அழுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் "கை வலிக்கிற வரைக்கும் அழுத்து" என்று சொல்கிறவர்கள் சொல்வதில்லை. வாய் பள்ளத்தின் அடியைத் தொட்ட பிறகும் பிரஸ்ஸை அழுத்தினால் பித்தளைக்குப் போக இடமில்லை. வாய்க்குக் கீழே கூடு வெளிப்பக்கமாகப் புடைக்கும். அந்தத் தோட்டா அறைக்குள் நுழையாது. புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால்கூட நல்லது, கழித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் புடைத்தால் அது இன்னும் மோசம். புடைத்த இடத்தில் பித்தளை குண்டை விட்டு விலகி நிற்கிறது. அது போதாதென்று, அழுத்தினால் பித்தளை சிறிது திரும்பி எழும், ஈயம் எழாது. அழுத்திய அழுத்தில் குண்டு ஒடுங்கிப்போக, பித்தளை மட்டும் பழைய இடத்துக்குக் கொஞ்சம் மீள, நடுவில் இடைவெளி விழுகிறது. இறுக்குவதாக நினைத்துக்கொண்டு தளர்த்திவிட்டோம். குண்டு கழல்கிறதென்று இன்னும் அழுத்துவார்கள், அது இன்னும் கழலும்.

அழுத்த அழுத்தக் கூட்டின் ஆயுளும் குறையும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் வாயை விரித்து, பிறகு சுருட்டினால் பித்தளை விறைத்துப்போய் விளிம்பில் கீறல் விடும். நிக்கல் பூசிய கூடுகள் இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

ரோல் கிரிம்ப்பின் பெரிய பலவீனம், கூட்டின் நீளத்தை நம்பி இருப்பது. டையை ஒரு இடத்தில் பூட்டிவிட்டால், நீளமான கூட்டுக்கு அழுத்தம் அதிகமும் குட்டையான கூட்டுக்குக் குறைவும் விழும். .357 மேக்னம் கூட்டின் உச்ச நீளம் 1.290 அங்குலம், வெட்டிச் சீராக்கும் நீளம் 1.280. .44-க்கு 1.285, வெட்டுவது 1.275. இடைவெளி கால் மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரே பெட்டியில் ஒரு தோட்டா லேசாகவும் இன்னொன்று புடைத்தும் வருவதற்கு அந்தக் கால் மில்லிமீட்டர் போதும். அதனால் ரோல் கிரிம்ப் செய்கிறவன் ஒருமுறையாவது எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டியாக வேண்டும். அலுப்பான வேலை. அலுப்பு என்பதற்காகப் பலர் விட்டுவிட்டு, பிறகு கிரிம்ப்பைத் திட்டுகிறார்கள். இன்னொன்று, குண்டை இறக்குவதையும் வாயை மடக்குவதையும் ஒரே இழுப்பில் செய்யக் கூடாது. குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடங்க ஆரம்பித்தால் குண்டின் உடம்பைச் சீவிவிடும். தனி டை, தனி இழுப்பு.

நான்காவது, காலெட் வகைக் கிரிம்ப். விஸ்கான்சினில் இருக்கும் லீ பிரெசிஷன் செய்கிற டை பிரபலம். மேலிருந்து அழுத்தாமல், நான்கு பக்கத்திலிருந்தும் விரல்கள் மாதிரி வந்து வாயை உள்ளே நசுக்கும். கூட்டின் நீளத்தைப் பற்றி அதிகம் கவலையில்லை, புடைப்பும் வராது. வெட்டிச் சீராக்கச் சோம்பல்படுகிறவனுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் அதே கம்பெனியின் கார்பைடு வளையம் போட்ட இன்னொரு டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கிரிம்ப் செய்வதோடு முழுத் தோட்டாவையும் ஒரு வளையத்துக்குள் இழுத்துச் சைஸ் செய்யும். செம்புறைக் குண்டுக்குப் பரவாயில்லை. சற்றுத் தடிமனான ஈயக் குண்டாக இருந்தால் கூட்டுக்குள்ளேயே அதை ஒடுக்கிவிடும். நாம் முதலில் சொன்ன அந்தக் கவ்வல் போய்விடும்.

இப்போது மருந்துக்கு வருவோம். ஊட்டி ரயிலில் வெலிங்டனைத் தாண்டினால் வருகிற அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை அமைந்தது கார்டைட் செய்வதற்கு. நைட்ரோகிளிசரினும் கன்காட்டனும் மினரல் ஜெல்லியும் அசிட்டோனில் பிசைந்து, நூல் நூலாக இழுத்தது. நூலாக இழுத்ததோ, வில்லையாக வெட்டியதோ, உருண்டையாக உருட்டியதோ, எல்லாப் புகையில்லா மருந்துக்கும் ஒரே குணம் உண்டு. சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குச் சூத்திரமே எழுதிவைத்தார். திறந்த வெளியில் ஒரு பிடி மருந்தைக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து முடிந்துவிடும். மூடிய பாத்திரத்துக்குள் கொளுத்தினால் கதை வேறு.

மேக்னத்துக்குப் பேர்போன எச் 110-ம் டபிள்யூ 296-ம் உருண்டை மருந்துகள். பெயர்தான் இரண்டு, மருந்து ஒன்றே. உருண்டையின் மேற்பரப்பில் எரிவதைத் தாமதப்படுத்தும் பூச்சு ஊறியிருக்கிறது. அதனால் பற்றவைப்பது சிரமம், பற்றியபின் நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். கனமான குண்டுக்கு வேண்டிய வேகத்தை அதுதான் தருகிறது. ஆனால் பிரைமர் வெடித்த அந்தத் தொடக்க நொடியில் குண்டு சுலபமாக நகர்ந்துவிட்டால் இடம் அகலமாகி அழுத்தம் விழும். மருந்து பாதி எரிந்தும் எரியாமலும் போகும், குண்டு குழலுக்குள் நின்றுவிடவும் கூடும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். இந்த மருந்தை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனி, பட்டியலில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று சொல்வதும் இதனால்தான். மேக்னம் பிரைமர், உறுதியான ரோல் கிரிம்ப், இரண்டும் இதற்குக் கட்டாயம். கொலராடோவின் ஜனவரிக் குளிரில் இன்னும் கட்டாயம்.

அதே .44-இல் அலையன்ட் கம்பெனியின் 2400 என்கிற மருந்தைப் போட்டால் இவ்வளவு பிடிவாதம் இல்லை. அது சுலபமாகப் பற்றும், கீத்துக்குப் பிடித்த மருந்தும் அதுதான். மிதமான கிரிம்ப்பில் ஒழுங்காக எரியும். ஆகவே எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மருந்து டப்பாவில் இருக்கிறது, மீதிப் பாதி துப்பாக்கியின் எடையில் இருக்கிறது. எடை குறையக் குறைய அதே தோட்டா அதிக வேகமாகத் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும், குண்டுகளும் அதே அளவுக்குக் கழன்று வரப் பார்க்கும். வயதான, கனத்த எஃகு ரிவால்வரில் சாதுவாக உட்கார்ந்திருந்த தோட்டா, அலுமினிய உடம்பில் ஐந்தே சூட்டில் நீண்டுகொண்டு நிற்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் கைக்கணக்கில் முடிவு செய்ய முடியாது. வெர்னியர் காலிபர் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும். சிலிண்டரை முழுக்க நிரப்பி, ஒரு தோட்டாவில் மார்க்கரால் குறி போட்டு, அதன் முழு நீளத்தை எழுதிவைக்க வேண்டும். மற்றதையெல்லாம் சுட்டுவிட்டுக் குறிபோட்டதை எடுத்து அளக்க வேண்டும். அதையே மறுபடியும் உள்ளே போட்டு இன்னொரு சுற்றுச் சுட்டு அளந்தால் இன்னும் நல்லது. நீளம் மாறவில்லை என்றால் கிரிம்ப் போதும், மேலே ஒரு பிடிகூட இறுக்க வேண்டாம். மாறியிருந்தால் முதலில் கூட்டின் பிடிப்பு, பிறகு நீளம், கடைசியாகக் கிரிம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கிரிம்ப்பைக் கூட்டினால் தொடக்க அழுத்தமும் கொஞ்சம் ஏறும். ஏற்கெனவே உச்ச அளவில் மருந்து போட்டிருப்பவன், கிரிம்ப்பை மாற்றியபின் பட்டியலின் தொடக்க அளவுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏறி வர வேண்டும்.

அவனுடைய இரண்டு துப்பாக்கிக்கும் நான் சொன்னது இதுதான். .44-க்கு 240 கிரெயின் எடையுள்ள குண்டு (கிரெயின் என்பது குண்டை நிறுக்கிற எடை அளவு), எச் 110, ஒரே நீளத்துக்கு வெட்டிய கூடு, வாய் விளிம்பு பள்ளத்துக்குள் முழுக்கப் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரை ரோல் கிரிம்ப், அதற்கு மேல் வேண்டாம். சின்ன .357-க்குக் கிரிம்ப்பால் மட்டும் தீர்வு கிடையாது. கனமான 180 கிரெயின் குண்டை முழு வேகத்தில் சுட ஆசைப்படாமல், 158 கிரெயின் செம்புறைக் குண்டில் மருந்தை மிதமாக வைத்துக்கொள், காலெட் டையால் உறுதியாக நசுக்கு, உறையில்லாத மென்மையான ஈயத்தை அதில் போடாதே என்றேன். "அப்போ அது மேக்னமே இல்லையே மாமா" என்று சிரித்தான். கால் கிலோ சொச்சம் எடையில் முழு மேக்னம் சுட வேண்டும் என்பது துப்பாக்கிக் கம்பெனி கிளப்பிவிட்ட ஆசை, எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது.

அதே தோட்டாவைக் குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளிலும் போடுகிறவர்கள் உண்டு. அங்கே பிரச்சினை தலைகீழ். ஸ்பிரிங் தள்ளுவதாலும் உதைப்பாலும் குண்டு உள்பக்கம் அமுங்கப் பார்க்கும், அமுங்கினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். பள்ளத்தில் உட்கார்ந்த ரோல் கிரிம்ப் இரண்டு திசையிலும் தடுக்கும், டேப்பர் தடுக்காது. ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே பெட்டித் தோட்டாவைப் பகிர்ந்துகொள்கிற வீட்டில் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். கூட்டின் கம்பெனி மாறினால் மட்டும் மார்க்கர் சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும், சுவர்த் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.